சொந்த வீட்டில் தங்க அனுமதி

வீட்டு வசதிச் சங்கத்தில் செயலாளராக இருப்பதென்றால், சம்பளம் இல்லாமல் நாலு தெருவிடமும் திட்டு வாங்குவது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதிலும் துணைவிதியைத் திருத்தக் கிளம்பியவர்கள் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி.

சாரலும் கோரமும்

எங்கள் காலனி மேலகரத்தில், குற்றாலம் போகிற வழியில் இருக்கிறது. சீசன் வந்தால் சிலர் மாடியை நாள் வாடகைக்கு விட்டுவிடுவார்கள். எண்ணெய் தேய்த்த உடம்போடு ஆட்கள் தெருவில் திரிவார்கள், விடிய விடியப் பாட்டு அலறும். இதற்கொரு தடை கொண்டுவரப் பேரவைக் கூட்டம் கூட்டினேன். கோரம், அதாவது குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, சேராவிட்டால் கூட்டம் செல்லாது. மண்டபத்தில் நானும் மைக்செட்காரரும்தான் இருந்தோம். தலைவர் அண்ணாச்சிக்குப் போன் போட்டால், பின்னால் ஒரே இரைச்சல். ஐந்தருவியில் நிற்கிறாராம். “கோரம் இல்ல அண்ணாச்சி!” என்று கத்தினேன்.

“கோரமா? இங்கன வந்து பாரு தாயி, சங்கத்து ஆளுவ பூராவும் இங்கனதான் நிக்குதாவ!”

எவரும்னா யாரு?

அடுத்த கூட்டத்துக்கு ஆள் சேர்ந்துவிட்டது. நானே எழுதிய திருத்தத்தைக் கம்பீரமாக வாசித்தேன்: “உறுப்பினர் அல்லாத எவரும், தலைவரின் எழுத்துப்பூர்வமான முன் அனுமதியின்றிச் சங்கக் குடியிருப்புகளில் தங்குதல் ஆகாது.” வாசிக்கும்போதே எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மும்தாஜ் மட்டும் எழுந்தாள். வீடு அவள் பேரில், அதனால் சங்கத்தில் உறுப்பினரும் அவள்தான். புருஷன் காஜா சவூதியில். “எவரும்னா யாருக்கா?” என்று கேட்டாள். “எவரும்னா எவரும்தான். துணைவிதின்னா அப்படித்தாம்மா இருக்கும், உக்காரு” என்றேன். கூட்டம் சிரித்தது, நானும் சிரித்தேன். கைகள் உயர்ந்தன, தீர்மானம் நிறைவேறியது. வெளியே செருப்பு மாட்டும்போது அவள் மெதுவாகக் கேட்டாள்:

“தமிழ்லதான எழுதியிருக்கு, விளங்கலன்னுதான கேட்டேன். அதுக்கு எதுக்குக்கா சிரிச்சிய?”

வாசலில் ஒரு டாக்ஸி

திருத்தம் பதிவாகி வந்ததும் அதை அப்படியே பலகையில் எழுதிக் காலனி வாசலில் மாட்டச் சொன்னேன். புது வாட்ச்மேனிடமும் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன். ஒரு நாள் காலை, நல்ல தூறல். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டிலிருந்து ஒரு டாக்ஸி வந்து வாசலில் நிற்கிறது. உள்ளே அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் காஜா. வாட்ச்மேன் அவரைப் பார்த்ததே இல்லை. மும்தாஜ் தலை நனைய ஓடிவந்து, “எங்க வீட்டுக்காரருய்யா!” என்கிறாள். “நீங்க உறுப்பினரு, உள்ள போங்க. இவரு உறுப்பினரா?” என்கிறார் அவர்.

என்னைக் கூப்பிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது மாடிக்கு மாடி ஆட்கள். வாட்ச்மேன் பலகையில் விரல் வைத்து, என் வாக்கியத்தை எனக்கே ஒவ்வொரு சொல்லாக வாசித்துக் காட்டினார். கேட்டைத் திறக்கச் சொல்லிக் கையைக் காட்டினேன். காஜா கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. சிரித்துக்கொண்டே கேட்டார்:

“சவூதியிலதான் ஒவ்வொரு தடவையும் தங்குததுக்கு அனுமதி கேட்டுக்கிட்டுக் கெடந்தேன். இங்கனயும் கேக்கணுமாக்கா?”

மறுபடியும் மைக்

மும்தாஜ் வீட்டுப் பக்கமாகப் போவதைத் தவிர்க்க, பால் வாங்கக்கூடச் சுற்றிப் போனேன். எத்தனை நாள் சுற்ற முடியும்? பலகையைக் கழற்றச் சொல்லிவிட்டு, மறுபடியும் பேரவையைக் கூட்டினேன். இந்தத் தடவை மண்டபம் நிறைந்துவிட்டது. வேடிக்கை என்றால் கோரத்துக்குக் குறைவில்லை. மைக் முன்னால் நின்று, “அந்த வார்த்தை நான் எழுதினது. மும்தாஜ் சரியாத்தான் கேட்டா, நான்தான் சிரிச்சு உக்கார வச்சேன். எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேக்குதேன்” என்றேன். பிறகு புதுத் திருத்தத்தை வாசித்தேன்: “வீட்டை நாள் வாடகைக்கு விடக் கூடாது. குடும்பத்தாருக்கும் விருந்தாளிகளுக்கும் எந்தத் தடையும் இல்லை.”

தலைவர் அண்ணாச்சி, “இப்பம் விளங்குதா மும்தாஜ்?” என்று கேட்டார். அவள் இருந்த இடத்திலேயே பதில் சொன்னாள். மண்டபமே சிரித்தது, இந்தத் தடவை என்னைப் பார்த்து.

“எனக்கு விளங்குது அண்ணாச்சி. செயலாளர் அக்காவுக்கு விளங்கிச்சான்னு கேளுங்க.”

அந்த விதி அமலில் இருந்த காலம் முழுக்க, உறுப்பினர் அல்லாத என் வீட்டுக்காரர் எந்த அனுமதியும் வாங்காமல் என் வீட்டில் தங்கிக்கொண்டிருந்ததை இதுவரை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.