டிரைவர் பக்கிரிசாமியின் மொச்சைப் பத்தியம்

என் வீட்டுக்காரர் பக்கிரிசாமியைப் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் தெரியாதவர் கிடையாது. கிள்ளான் ரயிலின் டிரைவர். ஆள் அப்படியொரு பருமன். எஞ்சின் படியில் ஏறவே கரி அள்ளுகிறவர் பின்னாலிருந்து முட்டுக்கொடுக்க வேண்டும். தினமும் ஆட்டுக்கறி வேண்டும், அதுவும் கொழுப்போடு. கறியில்லாத சோறு சோறா என்று தட்டைத் தள்ளிவிடுகிற மனுஷன்.

1931 ஐப்பசியில் ரயில்வே மருந்தகத்தில் அவருடைய சிறுநீரைச் சோதித்தார்கள். அங்கே டாக்டருக்கு அடுத்தபடியாக இருந்து மருந்து கொடுக்கும் டிரெசர் சிவகுருநாதன், யாழ்ப்பாணத்துக்காரர். குழாயில் நீல மருந்தை ஊற்றி, சிறுநீர் சில சொட்டு விட்டு, விளக்கில் சுடுவார். சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே நிற்கும். இவருடையது செங்கல் நிறத்துக்குப் போய்விட்டது.

"நீரிழிவு. மாசியிலை பெரிய டொக்டர் பாப்பார். அப்பவும் இப்பிடியெண்டால் உம்மை எஞ்சினிலை ஏத்த மாட்டினம்" என்றார் டிரெசர்.

வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். ஐந்து பிள்ளைகளோடு எங்கே போய் நிற்பது? அன்றே நேர்ந்துகொண்டேன்: தைப்பூசத்துக்குப் பத்துமலை முருகனுக்கு அவர் காவடி எடுப்பார், அதுவரை வீட்டில் கவிச்சி கிடையாது.

கறியை நிறுத்தினேன். மனுஷன் வாடிவிடக் கூடாதே என்று நெய்ப் பொங்கலும் பாயசமும் வடையுமாகப் போட்டுத் தள்ளினேன். விரதச் சாப்பாடு உடம்பை என்ன செய்துவிடும் என்ற தைரியம். மார்கழியில் சோதித்தால் முன்னைவிடச் சிவப்பு! பெல்ட் பற்றாமல் நுனியில் புது ஓட்டை வேறு.

"கறி விட்டது நல்லது, பவுனம்மா. அந்த இடத்திலை என்ன வைச்சனீர்?" என்று டிரெசர் கேட்டார். சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். "விரதமெண்டு சொன்னால் பாயாசத்திலை சீனி இல்லாமப் போயிடுமோ? பயறு, கடலை, மொச்சை, சீனன் விக்கிற தவ்வு, இதுகளைக் குடும். சோறு ஒரு பிடி போதும்."

எனக்கு வந்ததே கோபம்! அவர்மேல் அல்ல, என்மேல்தான். தவ்வு என்பது சோயா மொச்சைப் பாலை உறையவைத்த வெள்ளைக் கட்டி. சீனன் சட்டியில் பன்றிக் கொழுப்பு ஓடும் என்று அதை விற்பவரை வாசலோடு விரட்டியவள் நான். இப்போது நானே கூப்பிட்டு வாங்கி, மிளகும் மஞ்சளும் போட்டுக் கறி மாதிரியே பிரட்டினேன்.

"நான் என்ன குதிரையா? கொள்ளும் கடலையுமா போடுறே!" என்று அவர் கத்தினார்.

"குதிரை ஓடுதுல்ல? நீங்க படியேறவே ஆள் வேணும். பேசாம சாப்பிடுங்க."

முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்; போகப்போகச் சாப்பிட்டார், உடம்பும் வற்றியது. பூசத்தன்று காவடியோடு பத்துமலைப் படிகளை ஒரு தரம்கூட உட்காராமல் ஏறினார். நான்தான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போனேன். அதற்கப்புறமும் வீட்டில் கறி வாசம் இல்லை.

மாசி வந்தது. பெரிய டாக்டர் பக்கத்தில் நிற்க, டிரெசர் குழாயைச் சுட்டார். பொங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். முருகா, முருகா! கண்ணைத் திறந்தால், அம்மாடி, நீலம்! ஊற்றியபோது இருந்த அதே நீலம். பெரிய டாக்டர் குழாயை ஜன்னலில் பிடித்து இரண்டு தரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"நாளைக்குக் காலமை கிள்ளான் ரயிலை நீர்தான் கொண்டு போறீர்" என்றார் சிவகுருநாதன்.

கேவலம், சந்தையில் சீந்துவாரில்லாத மொச்சைக்கும் பயற்றுக்கும் இத்தனை சக்தியா! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்தக் குழாயைக் கையில் கேட்டு வாங்கினேன். இன்னும் சூடாக இருந்தது. மூத்திரம் என்ற அருவருப்பே எனக்குத் தோன்றவில்லை. எல்லோரும் பார்க்க அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.