பெரியக்கா போர்த்திய பொன்னாடை

போன ஒக்ரோபரில் ரொறன்ரோவிலிருந்து மொன்றியலுக்குப் போனது ஊர் பார்க்க இல்லை, பெரியக்காவை வாக்குப்போடக் கூட்டிப்போக. வெஸ்ட் ஐலண்டில் அவ இருக்கும் நாலைந்து தெருக்களுக்கு மட்டும் ஒரு பொதுவாக்கெடுப்பு. பூட்டிக்கிடக்கும் கடைத்தொகுதியை இடித்து மாடிக் குடியிருப்புக் கட்டலாமா, வேண்டாமா? அக்காவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. வீட்டு வாசலுக்கே ஒன்பது படி. பக்கத்திலேயே லிஃப்ட் உள்ள வீடு வந்தால் அங்கேயே இருப்பா. இல்லாவிட்டால் லவாலில் உள்ள மகன் வீட்டுக்குப் போகவேண்டும்.

பஸ் காலை ஏழு மணிக்கு. ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர், ஆறரை மணித்தியாலம், அறுபத்திரண்டு டொலர். இறங்கி மெட்ரோவில் கோட்-வெர்டு வரை போய் டாக்சி பிடித்தேன். ஓட்டுநர் மன்னார்க்காரர். ரேடியோவில் பிரெஞ்சில் ஒரே சண்டை.

"என்ன அண்ணை சத்தம்?"

"நீங்கள் போற பக்கத்து வாக்கெடுப்புத்தான் தங்கச்சி. மாடிக்கு ஆதரவான கவுன்சிலர், அதைக் கட்டப்போற கட்டிடக்காரன்ர ஏரிக்கரை வீட்டில காசில்லாமல் போய்த் தங்கினவராம். இப்ப அதையும் விட்டிட்டு, அந்தச் சால்வை என்ன விலை எண்டு பிடுங்குப்படுறாங்கள்."

அந்தச் சால்வையைப் போர்த்தியது என் அக்கா! மேடையேறிய யாரை நாங்கள் பொன்னாடை போர்த்தாமல் விட்டிருக்கிறோம்? பொங்கல் விழாவுக்கு வந்த கவுன்சிலரையும் கட்டிடக்காரரையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்திப் போர்த்தியிருக்கிறா. ஏரிக்கரை வீட்டுக் கதைக்குப் படம் இல்லாமல் நின்ற பத்திரிகைக்கு அந்தப் பொன்னாடைப் படம் அம்பிட்டுவிட்டது. பிறகு டீவியிலும் அதே படம். கார் நிறுத்த இடம் காணுமா, வெயில் மறைக்குமா என்று கதைத்த சனம் அதையெல்லாம் மறந்துவிட்டது.

அக்கா இரண்டு கிழமையாகக் கோயிலுக்குக்கூடப் போகவில்லை. "எல்லாரும் என்னைத்தான் பாப்பினம், நான் வரேல்லை" என்று அடம். பக்கத்து வீட்டு நிக்கோல்தான் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினா. முப்பது வருசமாக அக்காவின் படிப் பனியையும் சேர்த்துத் தள்ளுகிற மனுசி. நிக்கோல் கூப்பிட்டால் அக்கா மாட்டேன் என்று சொல்லமாட்டா.

வாக்குப்போடும் பள்ளிக்கூட வாசலில் ஒரு நிருபர் மைக்கை நீட்டிச் சால்வையின் விலை கேட்டார். அக்கா நல்ல பிரெஞ்சில், "பன்னிரண்டு டொலர். உங்களுக்கும் ஒன்று போர்த்தவா?" என்றா. கமெராக்காரரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. செய்தியில் அது வரவில்லை, பழைய படம்தான் வந்தது.

"வேண்டாம்" வென்றது. அடுத்தநாள் நிக்கோல் சூப்போடு வந்து கதிரை நுனியில் இருந்தா.

"நானும் வேண்டாம் என்றுதான் போட்டேன். உன் வீட்டுக்கு எதிராக இல்லை. அந்தக் கவுன்சிலர் ஏரிக்கரை வீட்டுக் கதையில் பொய் சொன்ன ஆள்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அக்கா தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்துவிட்டு, "நான் வீட்டைப் பாத்துப் போட்டன், நீ ஆளைப் பாத்துப் போட்டிருக்கிறாய்" என்றா. பிறகு சூப்புக்கு உப்புக் காணாது என்றா. இரண்டு பேரும் சேர்ந்து குடித்தார்கள்.

போகிறவர்களுக்கு: ஒக்ரோபரிலேயே தடித்த ஜக்கெட் வேண்டும். கோட்-வெர்டுவிலிருந்து டாக்சிக்கு முப்பத்தைந்து டொலர் ஆகும், நேரம் இருந்தால் பஸ் மலிவு. "பொன்ஜூர்" சொல்லாமல் கதையைத் தொடங்கவேண்டாம். கவுன்சிலர் யாரும் விழாவுக்கு வந்தால் தேத்தண்ணியோடு விடுங்கள்.

ஜனவரியில் அக்கா லவாலுக்குப் போய்விட்டா. சாமான் ஏற்றிய அன்று, பனி தள்ளிக்கொண்டு நின்ற நிக்கோலைக் கூப்பிட்டு, அந்த ஒன்பதாவது படியில் நிற்கவைத்து, மிஞ்சிக் கிடந்த பொன்னாடையைப் போர்த்தினாவாம். படம் எடுக்க ஒருத்தரும் வரவில்லை.