கேட் தாண்டாத சீட் பைப்

என் சைக்கிளின் சீட் பைப் முறிந்த நாட்களை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். சீட்டைத் தாங்கி நிற்கும் ஒரு சாண் இரும்புக் குழாய், அவ்வளவுதான். அதில் போய் என் பிழைப்பு தொங்கியது.

அப்போது நான் ஊரிகத்துத் தங்கச் சுரங்க ஷாஃப்ட் ஒன்றில், ஷிஃப்டுக்கு இறங்கும் ஆட்களைப் பேர் கூப்பிட்டு எழுதும் ரைட்டர். சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து சைக்கிள் வாங்கியிருந்தேன். அதைப் பார்த்துத்தான் சுரங்க வேலையை மேற்பார்க்கும் கேப்டன் துரை, இரண்டு மைல் தள்ளி இருந்த இன்னொரு ஷாஃப்டையும் சேர்த்துக் கவனிக்க முடியுமா என்று கேட்டார். அடுத்த மாதத்தின் முதல் திங்கட்கிழமை இரண்டு இடத்திலும் ஆள் இறங்குவதற்குள் பேர் எழுதிக் காட்டினால் வேலை எனக்கு. கூடவே இரண்டு அறை வீடும் வரும். ஒரே அறையில் நானும் மனைவியும் நான்கு பிள்ளைகளும் மாமியாரும் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டிருந்தோம். கடைசிக் குழந்தைக்குத் தூளி கட்ட இடமில்லாமல் மனைவி தினமும் கூரை மூங்கிலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

துரை சொன்ன மறுநாளே பைப் முறிந்தது. சீட் இல்லாமல் நின்றுகொண்டே ஓட்டலாமே என்பவர்களுக்கு அந்தக் காலத்துச் சைக்கிள் தெரியாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், காலுக்கு ஓய்வே கிடையாது. பெங்களூர்க் கடைக்கு எழுதினேன். ரயிலில் வந்த பைப் ஒரு நூல் பருமன் கூடுதல், உள்ளே இறங்க மாட்டேன் என்றது. மூங்கிலைச் செதுக்கிச் செருகினேன். நாங்கள் குடியிருந்த லைன் வீட்டு வரிசையின் முனை வருவதற்குள் அது பிளந்து என்னைக் கீழே தள்ளியது. அன்று சிரித்தவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கடைசியில் சுரங்கப் பட்டறைக் கொல்லரிடம் போனேன். பட்டறை கேட்டுக்கு உள்ளே இருந்தது. சைக்கிளை உள்ளே விட மாட்டார்கள். குழாய்க்குள் தங்கத்தூளை ஒளித்துக் கடத்திவிடுவார்களாம். அதனால் அதை எப்போதும் வெளியே வேலமரத்தில் சாய்த்துவிட்டுத்தான் போவேன். முறிந்த பைப்பில் கயிற்றைச் சுற்றி அளவெடுத்துக் கொடுத்தேன்.

சனிக்கிழமை மாலை கொல்லர் இரண்டு பைப் வைத்திருந்தார். ஒன்று பழைய நீராவிக் குழாயில் வெட்டியது. மேலெல்லாம் சுத்தியல் தழும்பு, இரண்டு முனையும் திறந்து கிடந்தன. இன்னொன்று பளபளவென்று தேய்த்தது. தூசி போகாமல் இரு முனையையும் பித்தளையால் பற்றவைத்து அடைத்திருந்தார். என்னிடம் நீட்டியது முதலாவதைத்தான்.

“இது போதும் ரைட்டரே. அது சும்மா ஆசைக்குப் பண்ணது.”

துரை பார்ப்பாரே என்று எனக்கு. பளபளப்பானதை எடுத்துக்கொண்டேன். தினமும் அதே கேட்டில் தலைப்பாகையை அவிழ்த்து உதறிக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறவன் நான். அன்று புத்தி எங்கே மேயப் போனதோ தெரியவில்லை.

கேட் காவல்காரர் பட்டறை பாஸைப் பார்த்தார். பைப்பை ஊதினார், காற்று போகவில்லை. குலுக்கினார், உள்ளே ஏதோ கலகலத்தது. ரம்பத்தை எடுத்து நட்டநடுவே அறுத்தார். மஞ்சளாக ஒரு பொட்டு கீழே விழுந்தது. அதிகாரி வந்து உரசிப் பார்த்து, பற்றவைத்த பித்தளைதான் என்று சொல்லும்வரை திருடனைப் போல நின்றேன். காவல்காரர் இரண்டு துண்டையும் மரியாதையாகக் கையில் கொடுத்தார்.

“உள்ள ஒண்ணும் இல்ல ரைட்டரே. போங்க.”

அதற்குள் பட்டறையைப் பூட்டிவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. துரை சொன்ன திங்கட்கிழமை அரைத் துண்டைச் செருகிக்கொண்டு கிளம்பினேன். முதல் ஷாஃப்டில் பேர் எழுதி முடித்து, அடுத்ததற்குப் போகும் மேட்டில் சீட் கழன்று விழுந்தது. மிச்ச வழியைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடினேன். நான் சேர்வதற்குள் கேஜ் கூண்டு பாதி ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கிவிட்டிருந்தது. கேப்டன் துரை கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. மட்டக்குதிரை வைத்திருந்த வேறொரு ரைட்டருக்கு அந்த வேலை போனது.

மறுநாள் கொல்லர் அந்தத் தழும்பு பைப்பை எடுத்துக் கொடுத்தார். கேட்டில் காவல்காரர் ஒரு ஊது ஊதிவிட்டு உடனே திருப்பித் தந்தார். வேலமரத்தடியில் செருகிப் பார்த்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு குலுக்கல் இல்லாமல் வீடு வந்து சேர்ந்தேன்.

உள்ளே கதவை ஒட்டி மனைவி தூளி கட்டியிருந்தாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக் கதவு பாதிதான் திறந்தது.