கேட்காமல் அனுப்பிய படம்

பாலக்கோடு மண்டி வாசலில் தக்காளி வண்டிகள் நெருக்கியடித்து நிற்பதைக் கண்டதும், பேருந்தின் ஜன்னலோரத்தில் கோகிலவாணி முணுமுணுக்கிறார்: "பாருங்க, கேக்காமக் கொண்டாந்துட்டாங்க. எறக்க எடமில்ல." மாரண்டஹள்ளியிலிருந்து தருமபுரிக்கு அதே பேருந்தில் போகும் எனக்கு இது பழகிவிட்டது. தக்காளிக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. தருமபுரியில் ஒரு தனியார் ஸ்கேன் மையத்தின் சர்வர் அறையைப் பார்த்துக்கொள்பவர்.

ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் கருவியை அவர் 'பொட்டி' என்பார். நோயாளி மாமியாரைப் பற்றிச் சொல்வதுபோல, "இன்னைக்குப் பொட்டி பரவால்லீங்க" என்பார். பதினொரு மணிக்கே மதியச் சோறு. கேட்டால், "பின்னால எப்ப எது நின்னுபோவும்னு தெரியாதுங்க" என்று பதில் வரும்.

அவர் வேலையை எனக்கு விளக்கியதும் தக்காளியை வைத்துத்தான். சர்வர் ஒரு படத்தை எழுத வேண்டுமானால் முதலில் நெட்வொர்க் வழியே தகவல் சொல்லும். பொட்டி தன் நினைவகத்தில் இடம் பார்த்து, 'தயார், இவ்வளவு அனுப்பு' என்ற பிறகே படம் கிளம்பும். இன்னொரு வழியும் உண்டு. பதிலுக்குக் காத்திராமல், தகவலோடு படத்தின் முதல் பகுதியையும் சேர்த்தே தள்ளிவிடலாம். நேரம் மிச்சம். "மண்டிக்காரர் வரச்சொல்லி லோடு ஏத்தறது ஒண்ணு. நாமளா ஏத்திக்கிட்டுப் போய் நிக்கறது ஒண்ணு. எடம் இருக்கறவரைக்கும் ரெண்டும் ஒண்ணுதானுங்க."

அவருடைய பொட்டி பழையது, நினைவகம் சிறியது. அதனால் காத்திருந்து அனுப்பும் முறையையே வைத்திருந்தார். படம் ஏறத் தாமதமாகிறது என்று மையத்து டாக்டர் தினமும் முகம் சுளித்தார். "வேகமாக்கத் தெரியாதாம்மா?" என்று ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். கோகிலவாணிக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்றே முறையை மாற்றினார். எனக்கு டாக்டர் மேல் மட்டுமல்ல, இவர் மேலும் கோபம்தான்.

சில வாரம் எல்லாம் வேகமாக ஓடியது. பிறகு ஒரு திங்கட்கிழமை, கூட்டமான நேரத்தில் எல்லாச் சர்வர்களும் ஒன்றாகத் தள்ளின. பொட்டி திணறி இணைப்பை அறுத்துக்கொண்டது. இன்னும் எழுதி முடிக்காத படங்களோடு சர்வர்களும் நின்றுபோயின. படத்தை வாங்கிக்கொண்டதாகச் சர்வர் முன்பே சொல்லியிருந்ததால், ஸ்கேன் மெஷின் தன்னிடமிருந்த நகலை அழித்துவிட்டிருந்தது. அந்த நேரத்துப் படங்கள் எங்கேயும் இல்லை. மற்றவர்கள் திரும்ப வந்து ஸ்கேன் எடுத்துக்கொண்டார்கள். ஏரியூர் சுசித்ராவால் முடியவில்லை. அவள் வயிற்றிலிருந்த ஏழு மாதக் குழந்தை அந்த வாரமே இறந்துவிட்டது.

முந்தாநாள் அவள் வந்தபோது, என் முழங்கால் படத்துக்காக நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

"கொழந்த மொகம் தெரிஞ்ச படம் அது ஒண்ணுதானுங்க. இன்னொருக்கா தேடிப் பாருங்க."

"தேடிட்டனுங்க. இல்ல. பொட்டிக்கு வந்தே சேரல. நாந்தான் மாத்திவச்சேன், என் தப்புதான்."

சுசித்ரா திட்டவில்லை. திட்டியிருந்தால் கோகிலவாணிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "எந்தப் பொட்டிக்குப் போயிருக்கணுங்க அது?" என்று மட்டும் கேட்டாள்.

கோகிலவாணி சர்வர் அறையைத் திறந்து காட்டினார். சுசித்ரா குனிந்து பொட்டியின் மேல் காதை வைத்தாள். ஸ்கேன் எடுத்த அன்று குழந்தையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்டவள் அவள். அவள் குழந்தையுடையது எதுவும் பொட்டிக்குள் இல்லை என்பது கோகிலவாணிக்குத் தெரியும். பொட்டி சூடாகாமலிருக்க ஒருபோதும் நிறுத்தாத ஏசியின் இரைச்சல் அவளுக்கு இடைஞ்சலாக இருக்குமென்று, எட்டி அதை அணைத்தார்.