செவலை விழுந்த படம்

என் வீட்டுக்காரர் மூன்று படங்களில் கதாநாயகனாக நடித்தவர். இதைச் சொன்னால் இன்று யாரும் நம்புவதில்லை. அன்றும் எங்கள் ஊர் திருத்தணியில் பாதிப் பேர் நம்பவில்லை. படத்தில் அவர் முகத்தின் மேல்பாதி கறுப்புத் துணிக்குள் இருக்கும். தலையில் அகலமான தொப்பி. பேச்சு அதிகம் கிடையாது. குதிரை மேல் வருவார், சண்டை போடுவார், கதாநாயகியைக் காப்பாற்றுவார், போய்விடுவார்.

அவர் எனக்கு அத்தை மகன். பாவா என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணத்துக்குப் பிறகும் அது மாறவில்லை. அவருடைய அப்பா ரயிலடியிலிருந்து மலையடிவாரத்துக்கு ஜட்கா ஓட்டியவர். ஒருநாள் யாரோ ஒரு துரையின் சாமான்களை ஏற்றிக்கொண்டு அரக்கோணம் போனபோது பாவாவையும் கூட்டிப்போயிருக்கிறார். அங்கே ரயில்வேக்காரர்களின் கிளப்பில் வெள்ளைக்காரர்களுக்காக ஊமைப்படம் ஓடியது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாவா பார்த்தார். அமெரிக்காக்காரன் ஒருவன் ஓடுகிற ரயிலுக்குப் பக்கத்தில் குதிரையை விட்டு, சேணத்தின் மேல் எழுந்து நின்று, பெட்டிக்குள் தாவினான். அவ்வளவுதான். அதன் பிறகு பாவாவுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அந்த ஆளின் படம் எங்கே ஓடினாலும் போய்ப் பார்த்தார். அவன் தொப்பியைத் தொடுகிற விதம், குதிரையின் காதில் ஏதோ சொல்கிற விதம் எல்லாம் அவருக்கு வந்துவிட்டது.

ஜட்காக் குதிரைக்குப் பிறந்த செவலைக் குட்டியை அவரே பழக்கினார். வளர்ந்ததும் அதோடு பட்டணம் போனார். ஒரு ஸ்டுடியோ முதலாளி அவர் சவாரியைப் பார்த்துவிட்டு, சண்டைப் படம் எடுத்தார். போஸ்டரில் பாவாவின் முகத்தைவிடச் செவலையின் முகம் பெரிதாக இருந்தது. அதில் அவருக்கு ஒரே சந்தோஷம். மூன்றாவது படம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் கல்யாணம். கோடம்பாக்கத்தில் ஒற்றை அறை, பின்னால் செவலைக்கு ஓலைக் கொட்டகை. எங்கள் அறையைவிட அதன் கொட்டகையில்தான் காற்று வரும்.

ஐம்பதுகள் தொடங்கியதும் எல்லாம் மாறிப்போனது. ஜனங்கள் வசனம் கேட்கத் தியேட்டருக்கு வந்தார்கள். கதாநாயகர்கள் கோர்ட்டில் பேசினார்கள், தாயிடம் பேசினார்கள், சாகும்போதும் இரண்டு பக்கம் பேசினார்கள். ஒரு டைரக்டர் பாவாவைக் கூப்பிட்டு ஒரு நீளமான காகிதத்தைக் கொடுத்தார். பத்து நாள் அவர் அதை மனப்பாடம் பண்ணினார். நான் வாசித்துக் காட்டுவேன், அவர் செவலையைத் தேய்த்துக்கொண்டே திருப்பிச் சொல்வார். காமிரா முன்னால் நின்றதும் வாயில் எங்கள் ஊர்ப் பேச்சுதான் வந்தது. 'வந்துகொண்டிருக்கிறேன்' என்ற இடத்தில் 'வந்துகினு கீறேன்' என்றாராம். விளக்குப் பிடித்தவர்கள்கூடச் சிரித்தார்களாம். டைரக்டர் சிரிக்கவில்லை. "நீங்க குதிரைமேல இருக்கறப்பவே நல்லாருக்கீங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

அதன் பிறகு மற்ற கதாநாயகர்களுக்காகச் சவாரி செய்தார். தூரத்தில் ஓடும்போது பாவா. பக்கத்தில் காட்டும்போது வேறு முகம்.

அப்போதுதான் அமெரிக்காவில் வேலை கற்றுவந்த ஒரு காமிராக்காரரைச் சந்தித்தார். வீட்டுக்குக் கூட்டிவந்தார். நான் காபி கொடுத்தேன். பாவா அந்த அமெரிக்காக்காரனின் பழைய போஸ்டர் துண்டு ஒன்றைக் காட்டி, "இவரைத் தெரியுமாங்க? இப்ப இன்னா படம் பண்றாரு?" என்று கேட்டார்.

காமிராக்காரர் அதை வாங்கிப் பார்த்தார். "பார்த்திருக்கேன். பேசும்படம் வந்ததும் அவரை விட்டுட்டாங்க. குரல் எடுபடலையாம். சர்க்கஸ் வச்சு நடத்தினார், அதுவும் போச்சு. நான் வேலை பார்த்த படத்துல கூட்டத்துல ஒருத்தரா வந்து நின்னார். 'அவன் அந்தப் பக்கம் போனான்'னு ஒரு வரி. அதையும் எடிட்டிங்ல எடுத்துட்டாங்க."

பாவா அந்தத் துண்டைத் திருப்பி வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு, "அந்தக் குதிரை?" என்றார்.

"அது எப்பவோ செத்துப்போயிருக்கும்ங்க."

அன்று இரவு பாவா சாப்பிடவில்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யாரோ கடல்தாண்டி இருக்கிற ஒரு கிழவருக்காக இத்தனையா என்று நினைத்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் மூன்று மாதம் வேலையே இல்லை. செவலைக்குக் கொள்ளு குறைந்தது. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. எனக்கு அப்போது நான்கு மாதம். ஒருநாள் சண்டை மாஸ்டர் வந்தார். போர்க்களக் காட்சி, பெரிய கம்பெனி, செவலை விழவேண்டும். எப்படி விழும் என்று பாவா கேட்டார். முன்கால் இரண்டிலும் மெல்லிய கம்பி கட்டி, மறுமுனையைப் பூமியில் அடித்த முளையில் கட்டுவார்களாம். குதிரை முழுவேகத்தில் வரும். கம்பி தீர்ந்த இடத்தில் தலைகுப்புற விழும்.

"இங்கிலீஷ் படத்துல எல்லாம் அப்படித்தான்ப்பா பண்றான்" என்றார் மாஸ்டர். "நீ பார்த்ததில்லையா?"

பாவாவின் முகம் சுருங்கியது. "நான் கை தட்டிக்கினு பார்த்ததெல்லாம் அதானா?" என்றார். முடியாது என்று சொல்லிவிட்டார். மாஸ்டர் நாளைக்கு வருகிறேன் என்று போனார்.

அவரைச் சம்மதிக்க வைத்தது நான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"மணலு கொட்டி மெத்தையாட்டம் பண்ணி வைப்பாங்களாம் பாவா. விழறது உங்களுக்குப் புதுசா? ஒரே ஒரு தபாதான். அது வயிறும் காயுது, நம்ம வயிறும் காயுது" என்றேன்.

"அதுக்குத் தெரியாதேம்மே" என்றார். "நான் ஓடுன்னா ஓடும்."

"போய்ட்டு வாங்க" என்றேன்.

போனார். மணல் கொட்டியிருந்தார்கள். பாவா உருண்டு எழுந்துவிட்டார், ஒரு கீறல்கூட இல்லை. செவலைக்கு முன்கால் இரண்டும் முறிந்திருந்தன. எழுந்திருக்கப் பார்த்ததாம். இவர் குரல் கேட்டதும் மறுபடியும் எழுந்திருக்கப் பார்த்ததாம். அதனால் வாயை மூடிக்கொண்டு நின்றேன் என்றார். துப்பாக்கி வைத்திருந்த ஒருவரைக் கூட்டிவந்து முடித்தார்கள்.

ஒரு மாதத்துக்குள் திருத்தணிக்கே திரும்பிவிட்டோம். வழியில் எனக்குக் கர்ப்பம் கலைந்தது. அரக்கோணம் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்தேன். பிறகு எங்களுக்குப் பிள்ளை இல்லை. மாமனார் ஜட்காவை எடுத்துக்கொள் என்றார். பாவா அதைத் தொடவில்லை. திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போனார். எட்டு மைலானாலும் நடந்தே போனார், நடந்தே வந்தார். ஜட்கா எதிரே வந்தால் வயலுக்குள் இறங்கிவிடுவார். ஊரில் அப்போது நாம் ஆந்திராவோடா, சென்னையோடா என்று கூட்டமும் கோஷமுமாக இருந்தது. யாராவது அவரைக் கேட்டால் "எதுவானா இன்னா" என்பார்.

அடுத்த ஆடிக் கிருத்திகைக்கு டூரிங் டாக்கீஸில் அந்தப் படம் வந்தது. பாவா போகவில்லை. எனக்கு மட்டும் போகவேண்டும் என்று இருந்தது. ஏன் என்று இப்போதும் தெரியவில்லை. காவடி எடுக்க வந்த கூட்டம் கூடாரத்தில் நிரம்பியிருந்தது. முதல் ஆட்டத்தில் பெண்கள் பக்கத்து மணலில் உட்கார்ந்தேன்.

போர்க்களம் வந்தது. கதாநாயகனின் கவசத்தைப் போட்டுக்கொண்டு பாவா தூரத்திலிருந்து வந்தார். அவர் சேணத்தில் உட்காருகிற விதம் எனக்குத் தெரியும். செவலை காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு ஓடிவந்தது. விழுந்தது. கழுத்து ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம். கூடாரம் முழுக்க விசில். "ஒன்ஸ்மோர்!" என்று கத்தினார்கள். விளக்குப் போட்டார்கள். ஆபரேட்டர் ரீலைத் திருப்பிச் சுற்றுகிற சத்தம் கேட்டது. விளக்கு அணைந்ததும் செவலை மறுபடியும் ஓடிவந்தது. என்னால் எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்திலிருந்த பெண் என் தோளைத் தட்டி, "சோக்கா விழுது இல்லக்கா?" என்றாள். ஆங் என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது பாவா கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். "செவலை வந்துச்சா?" என்று கேட்டார்.

ஜனங்கள் ஒன்ஸ்மோர் கேட்டு இரண்டு முறை பார்த்தார்கள் என்று எப்படிச் சொல்வது? "இல்ல பாவா" என்றேன். "அந்த இடத்தை எடுத்துட்டாங்கபோல. வரவே இல்ல."

அவருக்கு நிம்மதியாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். சொம்பைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது.

"வரவே இல்லியா?" என்றார். "அப்ப அது எதுக்குச் செத்துச்சு?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். எது அவருக்கு வலி குறைவு என்று யோசித்துக்கொண்டே நின்றேன். அதற்குள் அவர் ஈரக்காலோடு உள்ளே போய்ப் பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அதன் பிறகு செவலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் உண்மையைச் சொன்னதில்லை.