நெற்றியைத் தூக்காமல்

பாப்பா, தம்பி, நம் வீட்டுச் சுவரில் இருக்கும் பழைய போட்டோவைப் பார்த்து, "அப்பா மட்டும் ஏன் ஃபேனையே பாத்துட்டு நிக்கிறாரு?" என்று இரண்டு பேரும் சிரிப்பீர்கள். நானும் கூடச் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். அதற்கான பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், கத்திரி வெயில் நேரத்தில், மண்ணூர்பேட்டை பக்கம் நான் வேலை செய்யும் கம்பெனியில் நடந்தது இது. நான் கிரேன் ஆபரேட்டர் என்று உங்களுக்குத் தெரியும். அது ரோட்டில் போகிற கிரேன் இல்லை. ஷெட் கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடுவது. நாம் தரையில் நின்று, தொங்குகிற பட்டன் பெட்டியைக் கையில் பிடித்து, தலைக்கு மேலே போகும் கொக்கியைப் பார்த்தபடியே நடக்க வேண்டும். கொக்கியில், தகட்டை அழுத்தும் பிரஸ் மிஷினில் மாட்டுகிற ஒரு டன், ஒன்றரை டன் இரும்பு அச்சு தொங்கும். முழுக்க முழுக்க அண்ணாந்து பார்க்கிற வேலை.

அந்த வேலையில் இருக்கிறவனுக்கு இரண்டு கண் இமையும் சரியத் தொடங்கியது. பார்வையில் குறை இல்லை. கடைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்ட மாதிரி மேல்பக்கம் மட்டும் மறைந்துபோனது. பஸ்ஸில் உட்கார்ந்தால், குடித்திருக்கிறேனோ என்று பக்கத்து சீட்காரர் மோந்து பார்ப்பார்.

உடம்பு தானாக ஒரு வழி கண்டுபிடித்தது. முகவாயை உயர்த்தி, நெற்றியைச் சுருக்கி, புருவத்தை மேலே இழுத்துப் பிடித்தால் இமையும் கொஞ்சம் எழும். போட்டோவில் நீங்கள் பார்ப்பது அதைத்தான். கம்பெனியில் ஆபரேட்டர்களுக்கு வருஷா வருஷம் கண் பரிசோதனை உண்டு. நெற்றியை இறுக்கிக்கொண்டே கடைசி வரி வரைக்கும் படித்துவிடுவேன். பாஸ்.

அதுவும் போதாமல் போனபோது, மருந்துக் கடை பிளாஸ்திரியைச் சின்னச் சின்னதாக வெட்டி லாக்கர் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்துக்கொண்டேன். காலையில் இரண்டை எடுத்து இமையைத் தூக்கி ஒட்டி, மேலே பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. விஷயம் தெரிந்தால் கிரேனை விட்டு எடுத்துவிடுவார்களே என்ற பயம். என் கெட்டிக்காரத்தனம் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை வேறு.

அன்றைக்கு ஷெட்டுக்குள் அனல். அச்சைத் தூக்கி பிரஸ் மிஷின் பக்கம் கொண்டுபோகிறேன். அங்கே ஃபிட்டர் அண்ணன் ஒருவர் குனிந்து போல்ட் கழற்றிக்கொண்டிருந்தார். வேர்வையில் ஒரு பிளாஸ்திரி நழுவியது. பின்னாலேயே இன்னொன்று. இமை இரண்டும் விழுந்தன. கொக்கி தெரியவில்லை. அச்சு எவ்வளவு தூரம் போனது என்றும் தெரியவில்லை. கட்டைவிரல் மட்டும் பட்டனிலேயே இருந்தது. யாரோ அலறிய பிறகுதான் விரலை எடுத்தேன். ஃபிட்டர் அண்ணன் பிடரிக்கு ஒரு சாண் தள்ளி அச்சு ஆடிக்கொண்டிருந்தது.

அவர் எழுந்து நேராக என்னிடம் வந்தார்.

"இன்னா நைனா, தூங்கிகினே ஓட்டுறியா? என் மண்டை இன்னா தேங்காயா?"

என் கன்னத்தில் தொங்கிய பிளாஸ்திரியை அப்போதுதான் பார்த்தார். பிய்த்து எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எவ்ளோ நாளா இந்த டகால்டி?"

"ஒரு வருஷமா, அண்ணே."

"நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன். ஆனா எனக்கும் ஊட்ல ரெண்டு பசங்க கீதுங்க, பாத்துக்கோ."

அவர் சொல்ல மாட்டார். அதனாலேயே நான் சொல்லியாக வேண்டும் என்று பட்டது. சூப்பர்வைசரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "இமை சரியாகிற வரைக்கும் பட்டனைத் தொட மாட்டேன் சார்" என்றேன். அவர் திட்டி முடித்துவிட்டு என்னை ஸ்டோருக்கு மாற்றினார்.

கண் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "லேசர்ல முடிச்சிட முடியாதா மேடம்?" என்பதுதான். கத்தி என்றால் எனக்கு அவ்வளவு பயம்.

"லேசர் வேற சில கண் நோய்க்கு. உங்களுக்கு இமையைத் தூக்குற தசையோட பிடி தளர்ந்துபோச்சு. அதை இழுத்துத் தைக்கணும். தையல் விட்ட சட்டைக்கு இஸ்திரி போட்டா சரியாகுமா?" என்று சிரித்தார். அதோடு விடவில்லை. தைக்கும்போது நான் விழித்திருக்க வேண்டுமாம். இமை எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அப்போதுதான் அளவு பார்க்க முடியுமாம்.

உங்கள் அம்மாவிடம் சொன்னேன். "ரெண்டு பிரசவத்துக்கு நான் உள்ள போனப்ப வெளிய நின்னு நடுங்குனீங்க. இப்ப நீங்க உள்ள போங்க" என்றாள்.

ஆபரேஷன் அறையில் ஊசி போட்டதும் இமை மரத்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் டாக்டர் என்னை எழுப்பி உட்காரவைத்து, எதிர்ச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். படுக்கச் சொன்னார். மறுபடி உட்காரவைத்தார். மேலே தைக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. நெற்றியை இறுக்கிப் பிடித்திருந்தேன். இந்த அளவை வைத்துத் தைத்தால், நெற்றி இறங்கியதும் இமையும் இறங்கிவிடும். பரிசோதனையில் ஏமாற்றிய அதே வேலையை, எனக்கு நல்லது செய்ய வந்தவரிடமும் செய்துகொண்டிருக்கிறேன்.

"மேடம், நான் நெத்தியைத் தூக்கிப் பிடிச்சிருக்கேன்."

"தெரியும். நீங்களா விடுவீங்களான்னுதான் பாக்குறேன். விடுங்க."

விட முடியவில்லை. நர்ஸம்மா என் நெற்றியில் இரண்டு விரலை வைத்து அழுத்தி, "அண்ணே, உள்ள தாழ்ப்பாள் போட்டு வெச்சிருக்கீங்களா?" என்றார். கண்ணை மூடினேன். குனிந்திருந்த அந்தப் பிடரி ஞாபகம் வந்தது. விட்டுத்தான் ஆக வேண்டும் என்று பல்லைக் கடித்தால் நெற்றி இன்னும் இறுகியது. பல்லை விட்டேன். மூச்சை விட்டேன். நெற்றி மெல்ல இறங்கியது. கண்ணைத் திறந்தால் கடிகாரத்தில் பாதிதான் தெரிந்தது.

"ஆங், இதுதான் உங்க கண்ணு. இனிமே நான் பாத்துக்குறேன்" என்றார் டாக்டர்.

கடைசியாக உட்காரவைத்தபோது கடிகாரம் முழுசாகத் தெரிந்தது. அதற்கு மேலே சுவர், சுவருக்கு மேலே கூரை விளக்கு. நான் ஒன்றுமே செய்யவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கண் இரண்டும் வீங்கி நீலம் பாரித்து வீட்டுக்கு வந்தேன். பாப்பா, நீ இரண்டு நாள் கிட்டவே வரவில்லை. தூக்கத்தில் இமை முழுசாக மூடவில்லை என்று கொஞ்ச நாள் களிம்பு போட்டேன். எல்லாம் ஆறிய பிறகு கம்பெனிப் பரிசோதனைக்குப் போனேன். "சார், என் நெத்தியை அழுத்திப் பிடிச்சிக்கிட்டு டெஸ்ட் பண்ணுங்க" என்று நானே கேட்டேன். எல்லா வரியையும் படித்தேன்.

கிரேனுக்குத் திரும்பிய அன்று ஷிஃப்டுக்கு முன்பே போய்விட்டேன். யாரும் வரவில்லை. லாக்கரைத் திறந்தால், வெட்டி ஒட்டி வைத்த பிளாஸ்திரித் துண்டுகள் ஆறு அப்படியே இருந்தன. ஒவ்வொன்றாக நகத்தால் உரித்துக் குப்பையில் போட்டேன். மண்ணெண்ணெய்த் துணியால் கதவைத் துடைத்தேன். ஓர் இடத்தில் பசை போகவில்லை. இருக்கட்டும் என்று விட்டேன். இன்றைக்கும் பட்டன் பெட்டியைத் தொடுவதற்கு முன்னால் அந்தக் கறையில் ஒரு தரம் விரல் வைத்துவிட்டுத்தான் போகிறேன்.