மஞ்சள் குடித்த ஜீப்

வெள்ளிமலைக்குப் போகும் ஜீப்பின் ஓட்டுநர் அவர். இடது கன்னத்திலிருந்து கழுத்துவரை தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. ரேடியேட்டர் மூடியை அவசரப்பட்டுத் திறந்தபோது கொதிநீர் அடித்த தழும்பு. வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல.

அன்று நானும் அந்த ஜீப்பில் இருந்தேன். மலைப்பாதையில் பாதி தூரம் ஏறியதும் ஆவி கிளம்பியது. ரேடியேட்டர் ஒழுகியிருந்தது. சூடு தணியும்வரை காத்திருந்தவர், கள்ளக்குறிச்சியில் மளிகை வாங்கித் திரும்பும் பெண்களிடம் கேட்டார்: "யாருனா மஞ்சத்தூள் வாங்கினு போறீங்களாம்மா?"

ஒருத்தி பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். அதைத் தண்ணீரோடு ரேடியேட்டருக்குள் கொட்டினார். ஓட்டையை மஞ்சள் அடைத்துவிடுமாம்.

"உள்ள இருக்கிற குழாயையும் சேத்து அடைச்சிடாதாண்ணே?" என்றேன்.

"அடைக்கும் சார். அடைச்சிக்கினா தண்ணி ஓடாது, இன்னும் ஜாஸ்தியா சூடாவும்."

"தெரிஞ்சேவா போடுறீங்க?"

"போடலன்னா இங்கயே நின்னுடும். போட்டா அடுத்த வளைவுல நிக்கும்."

சொன்னபடியே அடுத்த வளைவில் நின்றது. எனக்குக் கோபம்கூட வரவில்லை. எல்லாரும் இறங்கினார்கள். பெண்கள் பைகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தார்கள், மஞ்சள் கொடுத்தவளும்தான்.

கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். பானெட்டின்மேல் கையை வைத்தபடி நின்றிருந்தார். தொட முடியாத சூட்டில் இருந்திருக்கும் அந்தத் தகரம். அவர் கையை எடுக்கவேயில்லை.